பில் இல்லாத பாட்டுகள்

எனக்குச் சுரம் தெரியாது.
ஸ்டுடியோவில் காசாளன். பெயர் ராக்கியண்ணன்.
சங்கீத டைரக்டர் குஞ்சிதபாதத்தை
நான் அறிந்தது வவுச்சர் வழியாக.

முதல் சீட்டு,
தாராபுரத்தில் நாடகக் கம்பெனி நொடித்த வருசம்:
ஆர்மோனியத் துருத்திக்குத் தோல் ஒட்ட
பன்னிரண்டணா.
கீழே கையெழுத்து,
வாலை இழுத்துவிட்ட ஒரு 'ம்'.

மாதச் சம்பளம் நூற்றைம்பது.
கதாநாயகி அழுதால் ஒரு பாட்டு,
அழுது முடித்தால் ஒன்று.
கிணற்றில் விழப்போகிறவள்கூட
பல்லவி, அனுபல்லவி, சரணம் பாடிவிட்டுத்தான் விழுவாள்.
ஒரு வருசம் பதினோரு படம்.
அந்த வருசம் அவருக்கு வெற்றிலைச் செலவு மட்டும்
தனிப் பக்கம் ஓடியது.

பகலில் ஒலிப்பதிவு கிடையாது.
சிங்காநல்லூர்ப் பக்கம் அத்தனை மில்லும் ஓடும்.
ராத்திரி, இரண்டாம் சிப்ட் விட்டு
சைக்கிள் மணியெல்லாம் ஓய்ந்தபின் கதவைச் சாத்துவார்கள்.
கிளாரினெட்காரர் மூச்சு இழுக்கும்போது பார்த்து
இருகூர் கூட்ஸ் கூவும்.
'பிலிம் நாற்பதடி வீண்' என்று எழுதுவேன்.
ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று
தகரக் கூரையைத் தூக்கித் தூக்கிப் போடும்.
"தாளம் தப்புதுங்களே" என்பார் தபலாக்காரர்.
"காத்தைத்தானே சொல்றீங்க?" என்பார் இவர்.

நடுவே இன்னொரு சீட்டு,
மாதம் நாலைந்து முறை:
இந்தி இசைத்தட்டு ஒன்று, ரூபாய் மூன்றே கால்.
"இதே மாதிரி வேணுங்க,
ஆனா இது மாதிரி இருக்கக் கூடாதுங்க"
என்பார் முதலாளி.
மளிகைக்கடையில் தேங்காயை ஆட்டிப் பார்ப்பதுபோல்
தட்டைக் காதருகே ஆட்டுவார் குஞ்சிதபாதம்.
மறுநாள் மெட்டு தயார்.

பாட்டுக்குப் பாட்டு பில்லை ஒட்டி வைப்பது என் வேலை.
ஊருக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்,
எது வாங்கினது, எது வாங்காதது.
கோபி டூரிங் டாக்கீசில்
மணலைக் குவித்து உட்கார்ந்து
ஒன்ஸ்மோர் கத்தினார்களே, அந்தப் பாட்டு
மூன்றே கால் ரூபாய்.

படமெடுப்பெல்லாம் மெட்ராசுக்குப் போனது.
தளத்தில் நூல் மூட்டை அடுக்கினார்கள்.
கணக்கு முடிக்க வந்தார்.
பாக்கி நாற்பத்தேழு ரூபாய் சொச்சம்.
எண்ணிப் பார்க்கவில்லை.
"மொத்தம் எத்தனை, ராக்கியண்ணன்?"
"படம் அறுபத்தொண்ணு. பாட்டு எழுநூத்தி நாப்பத்திரண்டு."
"பில் இல்லாதது?"
காதில் விழாததுபோல் இருந்திருக்கலாம்.
"முந்நூத்தி இருபத்தேழுங்க."

தணிக்கைக்காரர் மாதிரி கழிக்க ஆரம்பித்தார்.
"கீர்த்தனையில கை வச்சது, நூறு போடுங்க.
நாடகத்துப் பழசு, அதொரு நூறு.
பேரூர்த் தேருக்கு வந்த நாயனக்காரர் வாசிச்சது ஒம்பது.
மில் சங்கு மூணு.
என்கிட்ட நானே திருடினது..."
கொஞ்சம் சிரித்தார்.
"அறுபதுக்குக் குறையாது."

பென்சில் ஐம்பத்தைந்தில் நின்றது.
சொன்னேன்.
"அவ்வளவா?" என்றார்.
அதிகம் என்றா, குறைவு என்றா,
அந்த முகத்துக்கு என் ஏட்டில் பத்தி இல்லை.
'ம்'-இன் வாலை இழுத்துவிட்டுப் போனார்.

நேற்று இருகூர் கேட் சாத்தியிருந்தது.
தலையெல்லாம் பஞ்சோடு ஒரு மில் பையன்
சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு
சீட்டியடித்தான்.
கூட்ஸ் நாற்பது பெட்டியும் போகும்வரை நிறுத்தவில்லை.
"உங்க ஸ்டுடியோ பாட்டுத்தானுங்க" என்றார்
பால் கேனோடு நின்றவர்.

முதலாளி கேட்காமல் விட்ட பேரேடு
வீட்டில்தான் இருக்கிறது.
திறந்தேன்.
பாட்டுகளை முதல் வரியால் பதிந்திருந்தேன்.
சீட்டியில் வரி இல்லை.